கண் ஒட்டாத மெழுகு

கீழப்பாறை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, வேப்பமரத்துக்கும் ரேடியோ செட் கடைக்கும் நடுவில், ஒரு கார் நிற்கிற அளவுக்கு இடம் காலியாகக் கிடக்கிறது, அங்கே யாரும் ஒரு சைக்கிளைக்கூட நிறுத்துவதில்லை, மழை பெய்தால் அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் தரையைத் தொடுமுன்னே முத்து முத்தாக உருண்டு இரண்டு பக்கமும் ஓடுகிறது, ஏன் என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டால் டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே, "அதுவா, அங்கன வண்டி நிக்குல்லா" என்று சொல்லிவிட்டு அடுத்த டீயை ஆற்றப் போய்விடுவார். நீங்களும் உற்றுப் பார்ப்பீர்கள். பார்க்கப் பார்க்க உங்கள் கண் வேப்பமரத்துக்கோ கடைக்கோ போய்விடும். அதற்காக உங்களை யாரும் குறை சொல்லமாட்டார்கள், ஊர்க்காரர்களுக்கும் அப்படித்தான்.

அந்த வண்டிக்கு மெழுகு போட்டவள் உச்சிமாகாளி. தென்காசி ரோட்டில் புளியமரத்தடியில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, அவள் புருஷன், சங்கிலி என்று பெயர், பம்பு வைத்துத் தண்ணீர் அடிப்பான், அவள் துடைத்து மெழுகு போடுவாள், இதுதான் அவர்கள் பிழைப்பு. புது வண்டி எடுத்தவர்கள் சும்மா இருப்பார்களா, "புத்தம்புதுசுக்கு எதுக்கும்மா பாலீஷு" என்று கேட்பார்கள். உச்சி ஒரு கேரி பேக்கை எடுத்து அதற்குள் கையை விட்டு, அந்தக் கையால் பானெட்டைத் தடவச் சொல்லுவாள். வெறும் விரலுக்கு வழவழவென்று இருந்த பெயிண்ட், பைக்குள் போன விரலுக்கு மணல் பாவின தரை மாதிரி நறநறக்கும். கம்பெனியிலிருந்து லாரியில் ஏறி, வெட்டவெளியில் காய்ந்து, ஊர் ஊராகத் தூசி குடித்து வந்த வண்டியல்லவா, அதையெல்லாம் களிமண் மாதிரி ஒரு கட்டியால் உருட்டி உருட்டி எடுத்த பிறகுதான் மெழுகு டப்பாவைத் திறப்பாள். மெழுகுக்கு அடியில் எது மிச்சம் இருந்தாலும் அது அங்கேயே குடியிருந்துவிடும் என்பது அவள் கட்சி. அதனால் அவள் கைக்கு எதையும் துடைத்தெடுத்தே பழக்கம்.

அவளுக்கு ஒரு மகள் இருந்தாள், இசக்கி என்று பெயர். முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை, இவள் தங்கினாள், தங்கினது மட்டுமல்ல, பார்க்கிறவர்கள் நின்று பார்க்கிற மாதிரி வளர்ந்தாள், அதுதான் உச்சிக்கு வயிற்றில் நெருப்பு. யாராவது "பிள்ளை நல்லா இருக்கே" என்று வாயெடுத்தால் அன்று சாயங்காலமே பிள்ளைக்கு உடம்பு கொதிக்கும். கன்னத்தில் ஒரு மைப்பொட்டு, உள்ளங்காலில் ஒரு பொட்டு, இடுப்பில் கறுப்புக் கயிறு, தினமும் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவது என்று அவளும் என்னென்னவோ செய்து பார்த்தாள், ஆனாலும் ஊரில் இருக்கிற அத்தனை கண்ணும் தன் பிள்ளைமேல்தான் வந்து உட்காருகிறது என்று அவளுக்கு ஒரே நடுக்கம்.

அதிலும் சொர்ணவடிவு கண் என்றால் ஊரே ஒதுங்கும். பீடி சுற்றிப் பிழைக்கிறவள், தனிக்கட்டை. எப்போதோ ஒரு பப்பாளி மரத்தைப் பார்த்து "எவ்வளவு காய்ப்பு" என்றாளாம், மறுநாள் மரம் வேரோடு சாய்ந்ததாம், ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து ஏதோ சொன்னாளாம், அவன் தாலி கட்டுமுன் மயங்கி விழுந்தானாம், அப்படியே பேச்சு வளர்ந்து வளர்ந்து, கடைசியில் அவளே தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு நடக்கிறவளாக ஆகிப்போனாள், ஆண்டுக்கணக்காக அவள் தலை நிமிர்ந்து ஒருத்தரும் கண்டதில்லை. ஒருநாள் அவள் பீடிக்கட்டோடு கொட்டகை வழியாகப் போகும்போது இசக்கி தத்தித் தத்திப் போய் அவள் சேலையைப் பிடித்துவிட்டாள். உச்சி ஓடிவந்து பிள்ளையைப் பிடுங்கி முந்தானையால் முகத்தை மூடினாள், மூடினதோடு விட்டாளா, சொர்ணவடிவு நின்ற இடத்தில் ஹோஸைத் திருப்பித் தண்ணீர் அடித்துக் கழுவினாள். சொர்ணவடிவு நனைந்த பீடிக்கட்டை இடுப்பில் மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் விசேஷ வீடுகளுக்கு ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிற ரேடியோ செட் கடைத் தவமணி மாதுளை நிறத்தில் ஒரு புதுக் காரை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். பாவப்பட்ட மனுஷன், வாங்கின எதுவும் அவரிடம் நின்றதில்லை. ஸ்கூட்டர் வாங்கின அன்று மச்சினன் "நல்ல கலரு" என்றான், மறுநாள் புளியங்கொப்பு முறிந்து அதன்மேல்தான் விழுந்தது. ஜெனரேட்டரைப் பார்த்து ஒருத்தன் "சத்தமே இல்லையே" என்று மெச்சினான், அன்றைக்கே அது புகைந்து நிஜமாகவே சத்தமில்லாமல் போயிற்று. அதனால் இந்த முறை அவர் வண்டியைப் போர்வையால் மூடிக் கொண்டுவராத குறைதான். கோயிலில் பூஜை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, சந்தனம் குங்குமம் எல்லாம் தடவி, கீழப்பாறை வழக்கப்படி பின்னால் நம்பர் பிளேட்டுக்குப் பக்கத்தில், பிள்ளைக்கு வைக்கிற மாதிரியே கண்மையால் ஒரு பொட்டும் வைத்திருந்தார்.

"இங்க பாரும்மா உச்சி. தண்ணி ஒட்டாதுன்னு சொல்லுத. தூசி ஒட்டாதுன்னு சொல்லுத. சரி. கண்ணு?"

"என்ன அண்ணாச்சி?"

"கண்ணு ஒட்டுமா ஒட்டாதா, அதைச் சொல்லு."

சிரித்துவிட்டுப் போகவேண்டிய கேள்விதான். ஆனால் உச்சிக்குத் தன் கைவேலைமேல் ஒரு கர்வம் உண்டு, அது அவள் நாக்கில் வந்து உட்கார்ந்துகொண்டது. "நான் போட்டா எதுவும் ஒட்டாது அண்ணாச்சி. கண்ணும் ஒட்டாது" என்றாள்.

சொன்னபடி வேலையில் இறங்கினாள். கதவோரத்தில் ஷோரூம் பிளாஸ்டிக் விட்டுப்போன பசையை எடுத்தாள், பூஜைச் சந்தனம் காய்ந்து கறை பிடித்த இடத்தை ஊறவைத்து ஊறவைத்துத் துடைத்தாள், கட்டியை உருட்டினாள், கேரி பேக்குக்குள் கையை விட்டு வண்டியைத் தலையிலிருந்து வால்வரை தடவிப் பார்த்தாள், எங்கேயும் ஒரு நறநறப்பு இல்லை. பின்பக்கம் வந்தபோது அந்த மைப்பொட்டு நின்றது. அதையும் துடைத்தாள்.

"பொட்டை அழிக்கியே" என்றான் சங்கிலி.

"மெழுகுக்கு அடியில இருந்தா வெள்ளை பூத்திரும். காஞ்ச பொறவு வச்சுக்கிடலாம்."

நிழலில் வைத்து, ஒவ்வொரு பகுதியாக, தொட்டும் தொடாமலும் மெழுகைப் பூசி, அது மங்கிப் புகைபடர்ந்து வரும்வரை காத்திருந்து, மெத்தென்ற துணியால் வழித்து எடுத்தாள். வண்டி உள்ளே விளக்கு வைத்த மாதிரி ஆயிற்று. பிறகு கண்மையை விரலில் எடுத்து நம்பர் பிளேட் பக்கம் வைத்தாள், மை நிற்கவில்லை, கடுகு மாதிரி உருண்டு கீழே விழுந்தது, மறுபடி வைத்தாள், மறுபடி விழுந்தது. தன் மெழுகின் தரத்தை நினைத்து அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. கீழப்பாறையில் பொட்டில்லாமல் ரோட்டில் இறங்கின முதல் வண்டி அதுதான். அது கொட்டகையை விட்டு இறங்கிப் போவதை உச்சி பார்த்துக்கொண்டே நின்றாள், பார்த்துக்கொண்டே நின்றவள், தான் புளியமரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தாள்.

அன்று முதல் அந்த வண்டிமேல் ஒருத்தர் கண்ணும் நிற்கவில்லை. வண்டி மறைந்துபோய்விட்டது என்று நினைக்காதீர்கள், அது அங்கேதான் இருந்தது, தொட்டால் கைக்குக் குளிர்ச்சியாக இருந்தது, ஹாரன் அடித்தது, பெட்ரோல் குடித்தது, பார்வைதான் அதன்மேல் போய் வழுக்கிப் பக்கத்தில் இருக்கிற எதன்மேலாவது விழுந்தது, உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்கள்மேலும் அப்படியே. முதலில் ரெண்டு ஆடு முட்டிக்கொண்டன, ஒரு தபால்காரர் சைக்கிளோடு போய் இடித்தார், பிறகு ஊர் பழகிக்கொண்டது, ஊருக்கு என்ன, எதற்கும் பழகும். வண்டி கிளம்பினால் தவமணி ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுக்கொண்டு போகவேண்டும் என்று பஞ்சாயத்தில் சொன்னார்கள், பாட்டு வருகிற திசையைப் பார்த்து ஜனங்கள் ஒதுங்கினார்கள். கல்யாணப் பெண்ணை அதில் ஏற்றிவந்தால் கண்படாது என்று பெண்ணைப் பெற்றவர்கள் வரிசையில் நின்றார்கள். வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட முடியாத மருமகள் ஒருத்தி பொட்டலம் பிரியாணியோடு அதற்குள் ஏறி ஆற அமர முழுவதையும் தின்றுவிட்டு இறங்கினாள். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவர் பெண்சாதியைப் பறிகொடுத்தவர், ஆம்பிளை அழுவதை நாலுபேர் பார்க்கக்கூடாது என்று அதுவரை அடக்கிவைத்திருந்தவர், தினமும் மத்தியான பஸ் போனதும் அந்த வண்டிக்குள் போய் உட்கார்ந்து அழுதுவிட்டு வருவார். அவருக்காகவே தவமணி ஒரு கதவைப் பூட்டாமல் விட்டுவைத்தார். தவமணிக்கு அப்போது இருந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல, முதல்முறையாக அவர் வாங்கின ஒன்று கீறல் விழாமல் அவரிடம் நின்றது.

டப்பாவில் மிச்சம் இருந்த மெழுகுக்கு இப்போது ஆள் வரத்தொடங்கியது. புது வீட்டு நிலைக்குப் பூசித் தா என்றான் ஒருத்தன், பந்தலில் காய்த்துத் தொங்குகிற பாகலுக்குக் கேட்டாள் ஒருத்தி. பால்காரி ஒருத்தி கெஞ்சிக் கூத்தாடிக் கொஞ்சம் வாங்கிப்போய் எருமைக்குத் தடவிவிட்டு, பிறகு எருமையைத் தேடி மணியோசைக்குப் பின்னால் தெருத்தெருவாகச் செம்போடு அலைந்தாள். அதோடு உச்சி டப்பாவை மூடிப் பரணில் வைத்துவிட்டாள். மூடிவைத்தாளே ஒழிய, மனசு பரணிலேயே இருந்தது.

முத்தாரம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்தது. சுற்றுவட்டாரமே கூடும், அத்தனை பேர் நடுவிலும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போகவேண்டும், போகாமல் இருந்தால் அம்மன் கோபம், போனால் ஊர்க் கண். கொடைக்கு முந்தின நாள்தான் இசக்கி காய்ச்சலிலிருந்து எழுந்திருந்தாள். காலையில் குளிப்பாட்டி மஞ்சள் பாவாடை கட்டிவிட்டபோது உச்சி கண்ணே பட்டுவிடும்போல இருந்தது. இன்றைக்கு இவள் தாங்கமாட்டாள் என்று தோன்றிற்று. எக்கிப் பரணிலிருந்து மெழுகு டப்பாவை எடுத்தாள்.

இங்கேதான் அவள் கை அவளைக் கெடுத்தது. வேறு எந்தத் தாயாக இருந்தாலும் பொட்டின்மேலேயே பூசியிருப்பாள். இவள் கை பழகின கை. மெழுகுக்கு அடியில் எதுவும் இருக்கக்கூடாது என்று கன்னத்துப் பொட்டைத் துடைத்தாள், உள்ளங்கால் பொட்டைத் துடைத்தாள், பழக்கத்தில் கேரி பேக்குக்குள் கையை விட்டுப் பிள்ளையின் கன்னத்தைத் தடவிக்கூடப் பார்த்தாள், அவள் தொட்ட எத்தனையோ பரப்புகளில் துளி நறநறப்புக்கூட இல்லாத பரப்பு அது ஒன்றுதான். பிறகு சுண்டு விரலில் தொட்டுத் தொட்டுப் பூசினாள். பிள்ளைக்குக் கூச்சம், கிலுகிலுவென்று சிரித்தது. மங்கி வந்ததும் மெத்தென்ற துணியால் வழித்தாள், துணியை எடுத்துவிட்டுப் பார்த்தாள், எதிரே சுவரில் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா, என்னயப் பாரு" என்றது பிள்ளை, மடியிலிருந்தே.

உச்சி அலறவில்லை. ஊரார் கண்தான் வழுக்கும், பெற்றவள் கண்ணும் கண்ணோடு சேர்த்தியா, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்று நினைத்தாள். இடுப்பில் கனத்தை ஏற்றிக்கொண்டு கொடைக்குப் போனாள். ஒருத்தரும் பிள்ளையைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை, சாயங்காலம் உடம்பு கொதிக்கவில்லை, அன்று அவள் தூங்கின தூக்கம் பிள்ளை பெற்ற நாளிலிருந்து தூங்காத தூக்கம்.

ஊர் இதற்கும் பழகிக்கொண்டது. இசக்கி காலில் மணிக்கொலுசு போட்டார்கள். தெருவில் நடக்கிறவர்கள் "இசக்கி, தள்ளிக்கோ" என்று சொல்லிவிட்டே காலை எடுத்து வைத்தார்கள், சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போனார்கள், டீக்கடைக்காரர் தாழ்ந்த பலகையில் ஒரு கிளாஸ் பால் வைப்பார், திரும்பிப் பார்த்தால் கிளாஸ் காலியாகியிருக்கும். பக்கத்து வீட்டுப் பெண்கள் சேலை இழுபடுவதை வைத்து, "உம் மவ இங்கன இருக்கா உச்சி, தேடாத" என்று குரல் கொடுப்பார்கள். யாரும் இதை ஒரு அதிசயமாகப் பேசிக்கொண்டிருக்கவில்லை, ஒரு வீட்டில் காது கேளாத பிள்ளை இருந்தால் தெரு எப்படிப் பார்த்துக்கொள்ளுமோ அப்படிப் பார்த்துக்கொண்டார்கள்.

உச்சி கண் மட்டும் சரியாகவே இல்லை. முதல் கொஞ்ச நாள் பிள்ளை நாளெல்லாம் "என்னயப் பாரு, என்னயப் பாரு" என்று கேட்டுக்கொண்டே இருந்தது, உச்சியும் குரல் வந்த பக்கம் பார்ப்பாள், கண் தண்ணீர்க் குடத்துக்குப் போகும், கதவுக்குப் போகும். பிறகு பிள்ளை அப்படிக் கேட்பதைக் குறைத்துக்கொண்டது. பிறகு கேட்கவே இல்லை. பாத்திரம் துலக்குகிற சோப்பைக் கரைத்துத் தேய்த்தால் வண்டி மெழுகு போய்விடும், அது தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரிந்ததுதான், உச்சி அதையும் செய்தாள், நுரை பிள்ளைமேல் நிற்காமல் நழுவியது, தலைக்கு ஊற்றின தண்ணீர் மணிமணியாக உருண்டு ஓடியது. பாத்திர சோப்புக்குப் பயறுமாவு, பயறுமாவுக்குச் சாம்பல் என்று எல்லாம் பார்த்தாயிற்று. "வெயில்ல தானா தேஞ்சு போயிரும்" என்றான் சங்கிலி, சொன்னவன் குரலிலேயே உறுதி இல்லை. தேய்கிறதாவது, மெழுகு உள்ளே ஊறினது. கொலுசு காலிலிருந்து நழுவி நழுவி விழுந்தது. மடியில் உட்காரவைத்தால் பிள்ளை வழுகி இறங்கியது. கடைசியில் வெறும் கைக்குப் பிள்ளை தட்டுப்படாமலே போயிற்று, கேரி பேக்குக்குள் கையை விட்டுத் தடவினால் மட்டும் வீட்டு மூலையில் எங்கேயாவது லேசாக ஒரு நறநறப்பு, அதுதான் இசக்கி. அந்தப் பையோடு கையைச் சேர்த்து வைத்துக்கொண்டு உச்சி எத்தனையோ முறை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

ஒருநாள் டைம் கீப்பர் கொட்டகைக்கு வந்து தயங்கித் தயங்கி நின்றார். "சொல்லலாமோ கூடாதோன்னு இருந்துச்சும்மா. கொஞ்ச நாளா நான் வண்டியில தனியா இல்ல. பக்கத்து சீட்ல சின்னதா ஒரு மூச்சு கேக்கு. நேத்து நான் அழுதப்ப, என் கையை ஒண்ணு தொட்டுச்சு. உம் புள்ளைதான்னு நினைக்கேன்."

"அங்க என்னத்துக்குப் போறா?"

"பாக்காத எடத்துல பாக்காதது போய் உக்காந்துக்கிடும் போல" என்றார் அவர், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

அதற்கு அடுத்து ஒரு நாள் காலையில் தவமணி வந்தார். கொட்டகையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு, கேட்டாரே ஒரு கேள்வி.

"ஏம்மா உச்சி, ஒரு கார் எடுக்கலாம்னு ரொம்ப நாளா ஒரு ஆசை. எடுத்தா நீ நல்லா மெழுகு போட்டுத் தருவியா? தண்ணி ஒட்டாது தூசி ஒட்டாதுன்னு சொல்லுதாவளே."

உச்சி அவர் முகத்தையே பார்த்தாள். அவர் விளையாடவில்லை. சட்டைப் பையில் கார்ச் சாவி தொங்கிக்கொண்டிருந்தது, அதைத் தொட்டும் தொடாமலும் திருகிக்கொண்டே, என்ன கலர் எடுக்கலாம் என்று அவளிடமே யோசனை கேட்டார். டீக்கடைக்காரருக்கு அந்த வண்டி நினைவிருந்தது, டைம் கீப்பருக்கு நினைவிருந்தது, ஆசைப்பட்டு வாங்கி அதையே நாளெல்லாம் பார்க்கத் துடித்த மனுஷனிடமிருந்துதான் அது முதலில் வழுக்கிப் போயிருந்தது. உச்சிக்கு முதுகுத்தண்டில் ஈரத்துணி பட்ட மாதிரி இருந்தது, ஆனால் ஏன் என்று பிடிபடவில்லை, கையில் வேலை கிடந்தது, அதைப் பார்க்கப் போனாள்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து சோறு வைத்தாள், இரண்டு தட்டு எடுத்தாள், சங்கிலி சாப்பிட்டான், அவளும் சாப்பிட்டாள், பாத்திரம் கழுவினாள், கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்தாள். நடுவில் சின்னதாக ஒரு மஞ்சள் பாவாடை வந்தது. காற்றில் யார் வீட்டிலிருந்தோ வந்து விழுந்திருக்கும் என்று அதை நீவி மடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய், "இது உங்க வீட்டுத் துணியா பாருங்க" என்று நீட்டினாள்.

பக்கத்து வீட்டுக்காரி அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள். "ஏட்டி, இது உம் மவ பாவாடைல்லா."

உச்சி அங்கேயே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு மகள் உண்டு, எனக்கு மகள் உண்டு என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள், பெயர் என்ன என்று அடுத்தவளிடம் கேட்கவேண்டியிருந்தது. அவள் சொன்னாள். அந்தப் பெயரை நழுவவிடாமல் இருக்க, இசக்கி இசக்கி என்று முனகிக்கொண்டே உச்சி பாவாடையைப் பிடித்த பிடியோடு ஓடினாள். பஸ் ஸ்டாண்டில் நின்ற ஒவ்வொருத்தரையும் கையைப் பிடித்து இழுத்தாள். "எம் பிள்ளையைப் பாருங்க, வண்டிக்குள்ள இருக்கா, கொஞ்சம் பாருங்க, கண்ணு வச்சாலும் சரி, பாருங்க" என்று யாரைப் பார்த்துப் பிள்ளை முகத்தை மூடிக்கொண்டு ஓடினாளோ அவர்களையெல்லாம் கெஞ்சினாள். அவர்களும் நல்லவர்கள்தான், வரிசையாக நின்று கண் வலிக்கப் பார்த்தார்கள், எல்லார் கண்ணும் வேப்பமரத்தில்தான் போய் விழுந்தது. "எங்க கண்ணு அவ்வளவு ஒட்டாதும்மா" என்றார் டீக்கடைக்காரர் வருத்தத்தோடு. அவர் சொன்னதைக் கேட்டதும்தான் எந்தக் கண் ஒட்டும் என்பது உச்சிக்கு உறைத்தது.

சொர்ணவடிவு வீட்டுக் கதவு திறந்தே இருந்தது, அவள் முறத்தை மடியில் வைத்துப் பீடி இலை நறுக்கிக்கொண்டிருந்தாள். நிழல் விழுந்ததைக் கண்டும் தலையைத் தூக்கவில்லை.

"யக்கா, நான் உச்சி."

"தெரியுது. மெழுகு வாசனை அடிக்கு."

"எம் பிள்ளையை வந்து பாக்கணும்க்கா."

கத்தரி நின்றது. "அன்னைக்கு நான் நின்ன எடத்தையே கழுவி விட்ட. இன்னைக்குப் பாக்கச் சொல்லுத."

"அது தப்புதான்க்கா. என்னைய என்ன வேணும்னாலும் சொல்லுங்க. ஆனா இப்பவே வாங்க, பேரு நழுவிக்கிட்டே இருக்கு."

"நான் பாத்தா பிள்ளைக்கு ஏதாவது வந்துரும். ஊரு சொல்லுது. இத்தனை காலமா நான் ஒரு பூவைக்கூட நிமிந்து பாக்கல, தெரியுமாட்டி உனக்கு? கண்ணாடியிலகூட மூஞ்சியைப் பாத்ததில்ல."

"வரட்டும்க்கா" என்றாள் உச்சி. அழுகையில் சொல் சொல்லாகத்தான் வந்தது. "காய்ச்சல் வரட்டும். வந்தா தொட்டுப் பாக்க அவளுக்கு ஒரு நெத்தி இருக்கும்லா."

சொர்ணவடிவு முறத்தை இறக்கி வைத்தாள். பிறகு மடியில் இருந்த இலைத் தூளை உதறிவிட்டு எழுந்தாள்.

அவள் வருகிறாள் என்றதும் தெரு பழையபடி ஒதுங்கியது, தாய்மார் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். வேப்பமரத்துக்கும் ரேடியோ செட் கடைக்கும் நடுவில் போய் அவள் நின்றாள். கழுத்தை நிமிர்த்தினாள், எத்தனை வருஷத்துக் கழுத்தோ, மொடமொடவென்று நெட்டி முறிகிற சத்தம் டீக்கடை வரைக்கும் கேட்டது. அவள் கண்ணைக் கண்டவர்கள் அன்றைக்குத்தான் கண்டார்கள். பயப்பட ஒன்றுமில்லை, புகையிலைத் தூள் பட்டுப்பட்டுச் சிவந்து தண்ணீர் கட்டின சாதாரணக் கண். அது வண்டிமேல் போய் வழுக்கி வேப்பமரத்துக்குப் போயிற்று. அவள் அதைத் திருப்பிக்கொண்டு வந்தாள். மறுபடி வழுக்கிற்று, மறுபடி கொண்டு வந்தாள். சுருண்ட இலையை நனைத்து நனைத்து விரிக்கிற மாதிரி, அவசரப்படாமல், விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்க்க ஆசைப்பட்டுப் பார்க்காமல் விட்ட அத்தனையையும் சேர்த்துப் பார்க்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

"காது தெரியுது" என்றாள்.

உச்சி அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"எடது காது. சின்னதா ஒரு கம்மல், செவப்புக் கல்லு."

அவள் சொன்ன இடத்தில், ஒன்றுமில்லாத வெளியில், ஒரு காது இருந்தது. கம்மல் இருந்தது. உச்சி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"முடி எண்ணெய் காணாம செம்பட்டையா கெடக்கு. கன்னம். ஏட்டி, கன்னம் ஒட்டிப்போச்சே. மூக்கு உன் மூக்குதான். கண்ணு..." சொர்ணவடிவு நிறுத்தினாள். "கண்ணு என்னையத்தான் பாக்கு."

"என்னயப் பாரு" என்று ஒரு சின்னக் குரல், துருப்பிடித்த கீல் மாதிரி.

"பாத்துக்கிட்டுத்தாம்மா இருக்கேன்" என்றாள் சொர்ணவடிவு. பிறகு, அவளை வாயெடுக்கவே விடக்கூடாது என்று ஊர் எந்தச் சொல்லுக்குப் பயந்து கதவைச் சாத்தியதோ, அந்தச் சொல்லை வாய் நிறையச் சொன்னாள். "எம்மா, என்ன அழகு."

கதவிடுக்குகளில் நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். உச்சி மட்டும், "இன்னும் சொல்லுங்கக்கா, நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சொர்ணவடிவு சொல்லச் சொல்ல, தோள் வந்தது, கை வந்தது, கை வந்ததும் உச்சி அதைப் பிடித்தாள், வெறும் கையால் பிடித்தாள், பிடி நின்றது. அந்த அளவுக்குக் கிடைத்ததை வாரி மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். வண்டியைப் பற்றி யாரும் நினைக்கவில்லை, தவமணிக்கே அப்படி ஒன்று இருந்தது ஞாபகமில்லாதபோது மற்றவர்கள் என்ன செய்வார்கள். அது இன்றும் அங்கேதான் நிற்கிறது. மத்தியான பஸ் போனபின் சில நாள் அதன் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும், அது டைம் கீப்பராக இருக்கும். அவர் வெளியூருக்கு மாற்றலாகிப் போன பிறகும் கேட்கிறது.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் உச்சி கண்மையை எடுத்துப் பிள்ளையின் கன்னத்தில் வைத்தாள். மை உருளவில்லை. வைத்த இடத்தில் நின்றது. விரலை எடுக்காமல் அப்படியே நெற்றிக்குக் கொண்டுபோனாள், நெற்றி அனலாகக் கொதித்தது. சங்கிலி ஈரத்துணியை நனைத்துக்கொண்டு வந்தான், துணி வழுக்காமல் நெற்றியில் படிந்ததைப் பார்த்து அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

வாசலுக்கு வெளியே, தண்ணீர் அடித்தால் நனையாத தூரத்தில், சொர்ணவடிவு பழையபடி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். போகவும் மனசில்லை, உள்ளே வரவும் துணிவில்லை.

"காய்ச்சல் வந்துட்டோ?" என்று தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"வந்துட்டுக்கா" என்றாள் உச்சி. மற்ற வீட்டில் பிள்ளைக்கு முதல் பல் முளைத்ததைச் சொல்வார்களே, அந்தக் குரலில் சொன்னாள். பிறகு பாவாடையை விலக்கிப் பார்த்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே வந்தாள்.

"நிமிந்து இன்னொரு மட்டம் பாருங்கக்கா. எடது பாதம் இன்னும் தெரியல."